வெள்ளைப்படுதலுக்கு என்ன காரணம்: வீட்டுச் சோதனையைச் செய்வது எப்படி, எந்த அளவுக்கு நம்புவது

அரிப்பும் வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதலும் வந்தால், நம் வீடுகளில் முதலில் சொல்லப்படும் காரணம் உடல் சூடு என்பதுதான். வெந்தயம், இளநீர், எண்ணெய்க் குளியல் என்று ஒரு வாரம் போகும். அதற்குப் பிறகும் தொல்லை தீராவிட்டால், பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மருந்துக் கடைக்குப் போய், தணிந்த குரலில் கேட்டு, பூஞ்சைக்கான கிரீம் ஒன்றை வாங்கி வருவார்கள். அதுவும் கேட்காவிட்டால் வேறொரு கிரீம். இப்படியே மாதங்கள் கழிந்த பிறகு மருத்துவரிடம் வரும் பெண்கள் ஏராளம். அவர்களில் பலருக்குத் தொடக்கத்திலிருந்தே பூஞ்சை இருந்ததில்லை என்பதுதான் மனத்தை உறுத்தும் செய்தி.

இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. கடையில் பூஞ்சை மருந்தைத் தாமாகவே வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்து, அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மட்டுமே பூஞ்சைத் தொற்று தனியாக இருந்தது. மற்றவர்களில் பலருக்குப் பாக்டீரியா சார்ந்த தொற்றோ கலப்புத் தொற்றோ இருந்தது. ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு எந்தத் தொற்றும் இல்லை. முன்பு ஒருமுறை மருத்துவரே பூஞ்சை என்று சொல்லியிருந்த பெண்களும், இம்முறை தாமாகக் கணித்தபோது மற்றவர்களைவிடச் சரியாகக் கணித்துவிடவில்லை. அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்வது அவ்வளவு கடினமானது. எனவே மருந்து வாங்குவதற்கு முன், யோனியின் அமிலத்தன்மையை (பிஎச்) நிறம் மாறும் பட்டையால் பார்க்கும் சிறு சோதனை ஒன்றை வீட்டில் செய்துகொள்வது மிகவும் பயனுள்ளது. ஆனால் அந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

பிரசவ வயதிலுள்ள பெண்களுக்கு யோனியில் வரும் தொல்லைகளுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது கேண்டிடா என்னும் பூஞ்சை. இரண்டாவது பாக்டீரியல் வஜைனோசிஸ். அதாவது, யோனியில் இயல்பாக வாழும் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள் குறைந்து, கார்ட்னெரெல்லா முதலிய வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிடும் நிலை. மூன்றாவது டிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. இது உடலுறவின் வழியே பரவுவது. இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. பூஞ்சைக்குத் தரும் கிரீம் மற்ற இரண்டையும் குணப்படுத்தாது. மற்ற இரண்டுக்கும் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரை பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அதனால்தான் நலமான யோனியின் பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை, நன்றாகப் புளித்த தயிரின் அளவுக்குச் சற்றே நெருக்கமாக இருக்கிறது. பிஎச் எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள். பாக்டீரியல் வஜைனோசிஸ் வந்தால் இந்த அமிலம் குறைந்து எண் 4.5ஐத் தாண்டிவிடும், டிரைக்கோமோனாஸ் வந்தாலும் பெரும்பாலும் அப்படியே. கேண்டிடா மட்டும் அமிலச் சூழலிலேயே செழித்து வளர்வதால், பூஞ்சைத் தொற்றில் பிஎச் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வீட்டுச் சோதனையின் அடிப்படை இவ்வளவுதான். பிஎச் பட்டை கிருமியைப் பார்ப்பதில்லை, அதன் பெயரையும் சொல்லாது. அமிலம் குறைந்திருக்கிறதா என்ற ஒரே கேள்விக்குத்தான் அதனிடம் விடை உண்டு.

பட்டையை வாங்குவதும் நாளைத் தேர்ந்தெடுப்பதும்

எல்லாப் பிஎச் பட்டையும் இதற்கு உதவாது. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த லிட்மஸ் தாள் 4.5 அளவை ஒட்டிய நுண்ணிய வேறுபாட்டைக் காட்டாது. சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையிலும் பிஎச் கட்டம் ஒன்று இருக்கும், ஆனால் அதன் அளவுகோல் 5இல்தான் தொடங்குகிறது. நமக்கு வேண்டிய எல்லையே அதில் இல்லை. 1 முதல் 14 வரை காட்டும் பொதுப் பட்டைகளில் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையே ஒரு முழு எண் இடைவெளி இருப்பதால் அவையும் வேண்டாம். யோனிச் சோதனைக்கென்றே விற்கப்படும் பெட்டியையோ, ஏறத்தாழ 4 முதல் 7 வரையுள்ள குறுகிய எல்லையை அரை எண் இடைவெளியிலாவது காட்டும் பட்டையையோ வாங்குங்கள். காலாவதி நாளைப் பாருங்கள். ஈரம் பட்ட பட்டை பொய் சொல்லும் என்பதால் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர் மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத புட்டி ஒரு வாரத்தில் கெட்டுப்போகக்கூடும்.

எந்த நாளில் செய்கிறீர்கள் என்பது, எப்படிச் செய்கிறீர்கள் என்பதைவிட முக்கியம் என்று நான் கருதுகிறேன். இரத்தத்தின் பிஎச் சுமார் 7.4, விந்துவின் பிஎச் 7க்கும் மேல். எனவே மாதவிடாய் நாட்களிலும், இரத்தக் கசிவு சிறிதளவு இருக்கும்போதும், உடலுறவுக்குப் பின் இரண்டு நாட்கள் வரையிலும் சோதனை செய்தால், தொற்றே இல்லாத பெண்ணுக்கும் பட்டை உயர்ந்த எண்ணைத்தான் காட்டும். யோனிக்குள் வைக்கும் மாத்திரை, கிரீம், ஜெல் ஆகியவற்றைப் பயன்படுத்தியிருந்தாலும், உள்ளே தண்ணீரோ கழுவு திரவமோ செலுத்தியிருந்தாலும் சில நாட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்; பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டில் எத்தனை நாள் என்று குறிப்பிட்டிருப்பார்கள். கருமுட்டை வெளியாகும் நாட்களில் முட்டை வெண்கருபோல நீண்டு வரும் சளி கருப்பை வாயிலிருந்து இறங்குகிறது. அதுவும் காரத்தன்மை உடையது. மாதவிடாய் நின்றவர்களுக்கும், இன்னும் பூப்படையாத சிறுமிகளுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவாக இருப்பதால் பிஎச் இயல்பாகவே உயர்ந்திருக்கும். அவர்களுக்கு இந்தச் சோதனையால் பயனில்லை. ஒரு சிறுமிக்குத் துர்நாற்றத்துடனோ இரத்தத்துடனோ கசிவு இருந்தால், வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சோதனையைச் செய்யும் முறை

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவியபின் தண்ணீரால் நன்றாக அலசி, சுத்தமான துண்டில் முற்றிலும் உலரத் துடைத்துக்கொள்ளுங்கள். சோப்பு காரத்தன்மை உடையது. விரல் நுனியில் ஒட்டியிருக்கும் சிறு நுரை போதும், பட்டையின் நிறத்தை மாற்றிவிட. ஒரு காலைத் தாழ்வான முக்காலியின்மேல் வைத்து நின்றுகொண்டோ குந்தி உட்கார்ந்தோ செய்யலாம். பெட்டியுடன் வரும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரிலோ எச்சிலிலோ நனைக்காமல், உலர்ந்தபடியே யோனிக்குள் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் வரை மெதுவாகச் செலுத்துங்கள். அதற்கும் உள்ளே, கருப்பை வாய்வரை போக வேண்டாம். அங்குள்ள சளி எண்ணை உயர்த்திக் காட்டும். பக்கச் சுவரில் குச்சியைச் சில விநாடிகள் சுழற்றி, நுனி நன்றாக ஈரமானதும் வெளிப்புறத் தோலில் படாமல் எடுத்து, பட்டையின் வண்ணப் பகுதிமேல் அழுத்தி உருட்டுங்கள். பட்டையையே உள்ளே வைக்கும்படி அமைந்த பெட்டிகளும் உண்டு. அவற்றுக்கு அதனதன் சீட்டில் உள்ள முறையைப் பின்பற்றுங்கள். பட்டையின்மேல் சிறுநீர் படக் கூடாது.

நிறத்தைப் பட்டை ஈரமாக இருக்கும்போதே, சீட்டில் சொல்லப்பட்ட நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காய்ந்த பிறகு நிறம் மாறிக்கொண்டே போகும். மஞ்சள் விளக்கின் கீழ் மஞ்சளுக்கும் இளம்பச்சைக்கும் இடையே கண் தடுமாறும், 4.5 என்ற எல்லை பல பட்டைகளில் சரியாக அந்த இரு நிறங்களுக்கு நடுவேதான் அமைந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில், ஜன்னலருகே, வண்ண அட்டையைப் பட்டையின் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுங்கள். சந்தேகமாக இருந்தால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் இன்னொரு பட்டையில் சோதித்துப் பாருங்கள். எண்ணுடன் சேர்த்து, கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள், கசிவின் நிறம், மணம், அரிப்பு எங்கே இருக்கிறது, அண்மையில் உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் பட்டையைவிட அதிகம் சொல்லும்.

எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது

பிஎச் 4.5 அல்லது அதற்குக் கீழே இருந்து, கடுமையான அரிப்பும், திரிந்த பால்போலக் கட்டிகட்டியான வெள்ளைக் கசிவும் இருந்து, துர்நாற்றம் இல்லாமலிருந்தால், பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு முன்பு மருத்துவர் சோதித்துப் பூஞ்சை என்று உறுதி செய்திருந்து, இப்போதும் அதே அறிகுறிகள் இருந்தால், குளோட்ரிமசோல் போன்ற மருந்தைப் பயன்படுத்துவது நியாயமானது. எண்ணெய்ப்பசை உள்ள இம்மருந்துகள் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதை நினைவில் வையுங்கள். முதன்முறையாக வந்திருந்தால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. ஓராண்டுக்குள் மூன்று முறைக்கு மேல் வந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் பூஞ்சை கிரீமை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சர்க்கரைக்குத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் பூஞ்சைக்கு இடம் கொடுக்கின்றன. அவற்றை உட்கொள்பவர்கள் தாமாக நிறுத்திவிடாமல், இந்தத் தொல்லையை மருந்து எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிஎச் இயல்பாக இருந்து, அரிப்பும் எரிச்சலும் வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால், தொற்றே இல்லாமல் தோல் ஒவ்வாமையாக இருக்கலாம். மணமூட்டிய சோப்பு, பிறப்புறுப்புக்கென்று விற்கப்படும் கழுவு திரவம், நாப்கினின் உராய்வு ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். அப்போது பூஞ்சை கிரீமே எரிச்சலை இன்னும் கூட்டிவிடக்கூடும்.

பிஎச் 4.5க்கு மேல் இருந்து, நீர்த்த, சாம்பல் படிந்த வெள்ளைக் கசிவும் மீன் வாடையும் இருந்தால், பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று சந்தேகிக்கலாம். மருத்துவர்கள் இதை உறுதி செய்யக் கசிவில் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளி ஒன்றை விட்டு முகர்ந்து பார்ப்பார்கள். காரம் பட்டதும், மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் என்னும் சேர்மங்கள் ஆவியாகி வாடை தூக்கலாக எழும். அரிக்கும் தன்மையுள்ள அந்தத் திரவம் வீட்டுக்கு ஆகாது, தேவையுமில்லை. உடலுறவுக்குப் பிறகோ மாதவிடாயின்போதோ மீன் வாடை திடீரென்று தூக்கலாகிறது என்று பெண்கள் சொல்வது இதே வேதிவினையைத்தான். விந்துவும் இரத்தமும் காரமாக இருந்து அதே வேலையைச் செய்கின்றன. உங்களுக்கு அப்படி நேர்கிறதென்றால் அதைக் கூச்சமின்றி மருத்துவரிடம் சொல்லுங்கள், அது நல்ல துப்பு. மஞ்சளும் பச்சையும் கலந்த நுரைத்த கசிவு, எரிச்சல், சிறுநீர் கழிக்கும்போது வலி ஆகியவை இருந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் இந்தத் தொற்று உள்ளவர்களில் பலருக்கு அறிகுறியே இருப்பதில்லை. பிஎச் உயர்ந்திருந்தால், பூஞ்சை மருந்து வாங்காமல் மருத்துவரைப் பார்ப்பதே அடுத்த படி. கிளமிடியா, கொனோரியா ஆகிய தொற்றுகளைப் பற்றிப் பட்டை எதுவும் சொல்லாது. அவை கருப்பை வாயில் குடியிருப்பவை. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கும் இது மாற்றாகாது.

மாதிரியை நீங்களே எடுத்து ஆய்வகத்துக்குத் தருவது

கிருமியின் பெயர் தெரிய வேண்டுமென்றால் பிசிஆர் போன்ற மரபணுச் சோதனை வேண்டும். அதற்கான பஞ்சுக் குச்சி மாதிரியை நீங்களே எடுக்கலாம். டிரைக்கோமோனாஸ், கிளமிடியா, கொனோரியா ஆகியவற்றுக்குப் பெண் தானே எடுக்கும் யோனி மாதிரி, மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு ஈடாகவே வேலை செய்கிறது. முறை முன்பு சொன்னதுதான், குச்சியை மட்டும் இன்னும் சற்று நேரம், பத்து முதல் முப்பது விநாடி வரை சுழற்ற வேண்டும். பிறகு எங்கும் வைக்காமல் நேராகக் குழாய்க்குள் விட்டு, குறியிட்ட இடத்தில் ஒடித்து மூடி, பெயரும் நாளும் எழுதுங்கள். குழாயில் உள்ள திரவம் கொட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றி நிரப்பாதீர்கள், வேறு குழாய் கேளுங்கள்.

2025 மார்ச் மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், விஸ்பி மெடிக்கல் நிறுவனத்தின் கருவியை, மருந்துச் சீட்டின்றி வாங்கி முழுக்க வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனையாக அனுமதித்தது. கிளமிடியா, கொனோரியா, டிரைக்கோமோனாஸ் மூன்றுக்கும் அரை மணி நேரத்தில் முடிவு தரும் கருவி அது. அதிலும் பூஞ்சையும் பாக்டீரியல் வஜைனோசிஸும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பல கிருமிகளை ஒரே மாதிரியில் தேடும் பிசிஆர் சோதனைத் தொகுப்புகளும், யோனி நுண்ணுயிர்களைச் சதவீதக் கணக்கில் காட்டும் அறிக்கைகளும் இப்போது இணையத்தில் விற்கப்படுகின்றன. அறிக்கையில் கேண்டிடா என்ற பெயருக்கு எதிரே சிவப்பு நிறத்தைக் கண்டதும் பயம் வருவது இயல்பு. ஆனால் எந்த அறிகுறியும் இல்லாத பெண்களில் பத்து முதல் இருபது சதவீதத்தினரின் யோனியில் கேண்டிடா இருக்கிறது. அவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. கார்ட்னெரெல்லாவும் நலமான பெண்களிடம் காணப்படுவதுதான். இருப்பது வேறு, நோய் செய்வது வேறு. அறிகுறி இல்லாமல் இத்தகைய அறிக்கையை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் உட்கொள்ளத் தொடங்கினால், காவலுக்கு நிற்கும் லாக்டோபாசில்லஸையும் சேர்த்து அழித்து, இல்லாத பூஞ்சையை வரவழைத்துக்கொள்வதில் முடியலாம். டிரைக்கோமோனாஸ் மட்டும் இதற்கு விலக்கு: அது இருப்பதாக உறுதியானால், அறிகுறி இல்லாவிட்டாலும் உங்களுக்கும் துணைவருக்கும் சிகிச்சை வேண்டும்.

பழைய மைக்ரோஸ்கோப் சோதனையின் மதிப்பு இன்றும் குறையவில்லை. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புநீரில் கலந்து பார்க்கும்போது, டிரைக்கோமோனாஸ் தன் இழைகளை அடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி நகர்வது தெரியும்; அந்தத் துள்ளல்தான் அதன் அடையாளம். மாதிரி ஆறினால் சிறிது நேரத்திலேயே அது அடங்கிவிடும், பிறகு வெள்ளையணுவிலிருந்து பிரித்தறிவது கடினம். அதனால்தான் இந்தச் சோதனைக்கு மாதிரியை வீட்டிலிருந்து அனுப்ப முடியாது, நேரில் போக வேண்டியிருக்கிறது. போகும் நாளுக்கு முன் இரண்டு நாட்கள் உள்ளே எந்த மருந்தும் வைக்காதீர்கள். படிகாரம், மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர் எதனாலும் உள்ளே கழுவாதீர்கள். உட்புறம் கழுவுவது எப்போதுமே கெடுதல், சோதனைக்கு முன் இரட்டைக் கெடுதல்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள சுகவாழ்வு மையங்களில் இதற்கு ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம். ஆய்வக வசதி இல்லாத இடங்களில் அறிகுறியை வைத்தே பச்சை நிற மருந்துப் பொதி ஒன்றைத் தருவார்கள். அதில் செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் இருக்கும், இரண்டும் சேர்ந்து மூன்று காரணங்களுக்கும் பொருந்தும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால், மருந்தைக் கையில் வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தவிர்ப்பார்கள்.

கர்ப்பிணிகள் வீட்டுச் சோதனையை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. பனிக்குட நீரின் பிஎச் 7ஐ ஒட்டியது. தண்ணீர்போலக் கசிந்துகொண்டிருந்தால் பட்டையைத் தேடாமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். காய்ச்சல், அடிவயிற்று வலி, உடலுறவுக்குப் பின் இரத்தம், பிறப்புறுப்பில் புண் அல்லது கொப்புளம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது இருந்தாலும், கர்ப்பிணி அல்லாதவர்களும் அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பட்டை என்ன நிறம் காட்டினாலும் பொருட்டில்லை.

சிகிச்சை முடிந்து அறிகுறிகள் போய்விட்டால் தினமும் பட்டை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை; பிஎச் நாளுக்கு நாள் சற்று ஏறி இறங்குவது இயல்பு. பாக்டீரியல் வஜைனோசிஸ் திரும்பத் திரும்ப வருபவர்கள் துணைவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போவது நல்லது: ஆஸ்திரேலியாவில் 164 இணையரிடம் நடத்தி 2025இல் வெளியான ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை அளித்தபோது பன்னிரண்டு வாரங்களுக்குள் 63 சதவீதத்தினருக்கு மறுபடி வந்தது, ஆணுக்கும் சேர்த்து அளித்தபோது 35 சதவீதத்தினருக்கே வந்தது. டிரைக்கோமோனாஸுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்குள் அவசரப்பட்டுப் பிசிஆர் செய்தால், இறந்துபோன ஒட்டுண்ணியின் மரபணு எச்சமே தொற்று இருப்பதாகக் காட்டிவிடக்கூடும்.